குடல் புற்றுநோய்ப் பரிசோதனை: எந்த வயதில் தொடங்குவது?

ஆசிரியர் ஓய்வறையில் நாற்பதைத் தாண்டியவர்கள் கூடினால் சர்க்கரை அளவும் இரத்த அழுத்தமும் பேச்சில் வராமல் இருப்பதில்லை. யாருக்கு எத்தனை மில்லிகிராம் மாத்திரை, யார் காலையில் நடக்கிறார், யார் அரிசியைக் குறைத்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். பெண் ஆசிரியர்களிடையே மார்பகப் பரிசோதனை பற்றிய பேச்சும் இப்போது மெல்ல வந்துவிட்டது. ஆனால் பெருங்குடலைப் பற்றியும் மலக்குடலைப் பற்றியும் நாம் பேசுவதில்லை. பேசக் கூச்சம். பேசினாலும் "மூலம்தான்" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

உலகில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. உயிரிழப்பில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தனர். இத்தனைக்கும், வருமுன் தடுக்க வழியுள்ள மிகச் சில புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. அந்த வழி, தக்க வயதில் செய்துகொள்ளும் பரிசோதனை.

தக்க வயது எது? 40, 45, 50 என்று நாட்டுக்கு நாடு விடை மாறுகிறது. நான் கணித ஆசிரியை, மருத்துவர் அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்குள் இருப்பதில் பாதி, நாம் பத்தாம் வகுப்பில் நடத்தும் நிகழ்தகவுதான். ஆகவே எண்ணை மட்டும் சொல்லாமல், அந்த எண் எப்படி வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பத்தாண்டு அவகாசம் தரும் நோய்

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை வளர்ச்சிகள் தோன்றும். இவற்றைப் பாலிப் என்பார்கள். சில பாலிப்புகள் காளான் போலக் காம்புடன் நிற்கும். சில சுவரோடு தட்டையாக ஒட்டியிருக்கும். வலி இருக்காது. பெரும்பாலானவை கடைசி வரை தீங்கு செய்வதில்லை. ஆனால் ஒரு வகைப் பாலிப்பின் செல்களில் மரபணு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். ஒரு மாற்றம் செல் பெருகுவதற்கான தடையை நீக்கும். மற்றொன்று பெருக்கத்தை விரைவுபடுத்தும். இன்னொன்று, பழுதான செல் தானே அழிந்துபோகும் ஏற்பாட்டைக் கெடுக்கும். இவை எல்லாம் கூடிய பிறகுதான் பாலிப் புற்றுநோயாகிறது.

இப்படி மாறுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டுகள் அல்லது அதற்கும் மேல் ஆகிறது. நமக்குக் கிடைக்கும் அவகாசம் இந்தப் பத்தாண்டுதான். அதற்குள் பாலிப்பைக் கண்டு அகற்றிவிட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் உருவாகவே வாய்ப்பில்லை. பல பரிசோதனைகள் நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க மட்டுமே உதவும். குடல் பரிசோதனையோ நோய் வராமலே தடுக்கவும் உதவும்.

நோய் வந்த பிறகும் காலம் முக்கியம். அமெரிக்கக் கணக்குப்படி, குடல் சுவரைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் 10க்கு 9 பேர் ஐந்தாண்டுகள் கழித்தும் உயிருடன் இருக்கிறார்கள். கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் இது ஏறத்தாழ 7க்கு 1 ஆகச் சுருங்கிவிடுகிறது.

அறிகுறிக்கு வயது கிடையாது

வயதைப் பற்றிப் பேசும் முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிவிட வேண்டும். இக்கட்டுரையில் பரிசோதனை என்று நான் சொல்வது, எந்தத் தொல்லையும் இல்லாதவர் முன்னெச்சரிக்கையாகச் செய்துகொள்வதை. "எந்த வயதில் தொடங்குவது" என்ற கேள்வி அவருக்கு மட்டுமே உரியது. அறிகுறி உள்ளவருக்கு அந்தக் கேள்வியே கிடையாது. அவர் 25 வயதினராக இருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மலத்துடன் இரத்தம் வருதல், மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருத்தல், கழித்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, தொடரும் வயிற்று வலி, காரணமின்றி எடை குறைதல், இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். கடைசியில் சொன்னதைப் பெண் ஆசிரியர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகும் இரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல், இரத்தம் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு எந்த வயதில் இத்தகைய இரத்தசோகை வந்தாலும் இது பொருந்தும்.

என்னுடன் பணியாற்றிய தமிழாசிரியை ஒருவருக்கு மலத்தில் இரத்தம் வந்துகொண்டிருந்தது. "சூடுதான் டீச்சர். நாள் முழுக்க நின்னுக்கிட்டே பாடம் நடத்துறோம், தண்ணியும் குடிக்கிறதில்ல. மூலம் வராம என்ன செய்யும்?" என்பார். சின்ன வெங்காயமும் மோரும் சாப்பிட்டார். மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசினார். நடுவில் இரண்டு மாதம் இரத்தம் நின்றும் போனது. அரையாண்டுத் தேர்வு முடியட்டும், பொதுத்தேர்வு முடியட்டும், விடைத்தாள் திருத்தும் பணி முடியட்டும் என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. மருத்துவமனைக்குப் போனபோது அவருக்கு வயது 46. மலக்குடலில் இருந்த கட்டி அதற்குள் கல்லீரலைத் தொட்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் சிகிச்சை எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு பருவம் பள்ளிக்கும் வந்து பாடம் நடத்தினார். இப்போது அவர் இல்லை.

மூலத்திலும் இரத்தம் வரும், புற்றுநோயிலும் இரத்தம் வரும். மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்ற விதியும் இல்லை. மூலமா வேறொன்றா என்பதை மருத்துவர் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஓய்வறையில் கூடிப் பேசிச் சொல்ல முடியாது.

என்னென்ன பரிசோதனைகள்?

அறிகுறி இல்லாதவர்களுக்கு உலகில் பரவலாக உள்ளவை இரண்டு.

முதலாவது மலப் பரிசோதனை. பாலிப்பும் கட்டியும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியச் செய்யும். அதைக் கண்டுபிடிக்கும் சோதனை இது. பழைய முறையில் இறைச்சி, முள்ளங்கி, வைட்டமின் சி மாத்திரை போன்றவை முடிவைக் குழப்பும் என்பதால் சில நாள் பத்தியம் இருக்க வேண்டும். இப்போதுள்ள ஃபிட் என்னும் முறை மனித ஹீமோகுளோபினை மட்டும் அடையாளம் காண்பதால் பத்தியம் வேண்டியதில்லை. வீட்டிலேயே மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆய்வகத்தில் எந்த முறை என்று கேட்டுக்கொள்வது நல்லது. மாதவிலக்கு நாள்களிலும், மூலத்தில் இரத்தம் வரும் நாள்களிலும் மாதிரி எடுக்கக் கூடாது. ஒரு முறை செய்துவிட்டு விட்டுவிடவும் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டாண்டுக்கு ஒரு முறையோ தொடர்ந்து செய்தால்தான் பலன்.

இரண்டாவது கொலோனோஸ்கோபி. நுனியில் கேமரா பொருத்திய, வளையக்கூடிய மெல்லிய குழாயை மலவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது. முந்தைய நாள் எளிய திரவ உணவு. பிறகு குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்து. சோதனையின்போது பெரும்பாலும் மயக்க ஊசி போடுவதால் வலி தெரியாது. பாலிப் தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடுவார்கள். அன்று வண்டி ஓட்டக் கூடாது. கூட ஒருவர் வர வேண்டும். தற்செயல் விடுப்பில் இரண்டு நாள் போதும். குடல் சுத்தமாக, பாலிப் ஏதுமின்றி இருந்தால் அடுத்த சோதனை பத்தாண்டு கழித்துத்தான். முன்னர் சொன்ன பத்தாண்டு வளர்ச்சிக் கணக்கே இதற்குக் காரணம்.

மலப் பரிசோதனையில் இரத்தம் இருப்பதாக வந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. மூலம், குடல் புண், கொக்கிப்புழு என இரத்தம் கசியக் காரணங்கள் பல உண்டு. ஆனால் அப்படி வந்தால் அடுத்து செய்ய வேண்டியது கொலோனோஸ்கோபிதான். "இன்னொரு முறை மலத்தையே சோதிப்போம், இல்லை என்று வந்தால் நிம்மதி" என்று விடுவது சரியல்ல. பாலிப் தினமும் இரத்தம் கசிவதில்லை.

பலன் எவ்வளவு என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 50 முதல் 80 வயது வரையிலான 46,551 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993இல் வெளியானது. 13 ஆண்டுகளில், பரிசோதிக்கப்படாத குழுவில் 1,000 பேருக்கு 8.83 பேர் இந்நோயால் இறந்தனர். ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்த குழுவில் இறந்தவர்கள் 5.88 பேர். மூன்றில் ஒரு பங்கு இறப்பு குறைந்தது, அதுவும் பழைய முறையில்.

போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் நடந்து, 2022இல் முடிவு வெளியான ஆய்வு கொலோனோஸ்கோபியைப் பற்றியது. 55 முதல் 64 வயதுள்ளோரில் ஒரு பகுதியினரைச் சோதனைக்கு அழைத்தார்கள். பத்தாண்டுகளில் அழைக்கப்படாதவர்களில் 1.20 விழுக்காட்டினருக்கும், அழைக்கப்பட்டவர்களில் 0.98 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. வேறுபாடு சிறிதாகத் தெரிகிறதா? அழைக்கப்பட்டவர்களில் உண்மையில் சோதனைக்கு வந்தவர்கள் 42 விழுக்காட்டினர் மட்டுமே. எவ்வளவு நல்ல பரிசோதனையானாலும் வராதவரைக் காப்பாற்றாது.

50 எப்படி 45 ஆனது?

அமெரிக்காவில் நீண்ட காலம் 50 வயதே தொடக்க வயதாக இருந்தது. அங்கே 1980களின் நடுவிலிருந்து இந்நோய் மொத்தத்தில் குறைந்து வந்தது. முதியவர்களிடையே பரிசோதனை பரவியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது வேறொரு காட்சி தெரிந்தது. 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடையே 1990களின் நடுவிலிருந்து ஆண்டுக்கு 1 முதல் 2 விழுக்காடு வரை நோய் கூடிக்கொண்டே வந்திருந்தது. மொத்தச் சராசரி இறங்கும்போதே ஒரு பிரிவின் சராசரி ஏறலாம் என்று நாம் வகுப்பில் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

2017இல் வெளியான ஓர் ஆய்வு பிறந்த ஆண்டு வாரியாகக் கணக்கிட்டது. ஒரே வயதில் ஒப்பிட்டால், 1950 அளவில் பிறந்தவர்களைவிட 1990 அளவில் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் இரு மடங்காகவும், மலக்குடல் புற்றுநோய் அபாயம் நான்கு மடங்காகவும் இருந்தது. உடல் பருமன், உணவு மாற்றம், உட்கார்ந்தே இருக்கும் வாழ்க்கை, குடலில் வாழும் நுண்ணுயிர்களின் மாற்றம் எனப் பல காரணங்களை அறிவியலாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள்.

2020இல் வெளியான இன்னோர் ஆய்வு வயதை ஓராண்டு இடைவெளியில் பிரித்து வரைபடம் போட்டது. அமெரிக்காவில் 49 வயதினரில் லட்சத்துக்குச் சுமார் 35 பேருக்கு நோய். 50 வயதினரில் சுமார் 51 பேருக்கு. ஒரே ஆண்டில் உடலில் அவ்வளவு பெரிய மாற்றம் நடக்காது. 50 வயதில் பரிசோதனை தொடங்குவதால், அதற்கு முன்பே வந்து மறைந்திருந்த புற்றுநோய்கள் அந்த ஆண்டில் மொத்தமாக வெளிப்படுகின்றன. வரைபடத்தில் தெரிந்த அந்தப் படிக்கட்டு, 50 என்பது பலருக்குத் தாமதம் என்று காட்டிவிட்டது.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018இல் தொடக்க வயதை 45 ஆகக் குறைத்துப் பரிந்துரைத்தது. அந்நாட்டின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021 மே மாதத்தில் அதே முடிவுக்கு வந்தது. அந்தக் குழு நல்ல தரம் அளித்த பரிசோதனைகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணம் ஏற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் 45 வயதினருக்கு வாசல் திறந்தது. குழு பயன்படுத்திய கணினி மாதிரிகளின்படி, 50க்குப் பதில் 45இல் தொடங்கினால் 1,000 பேருக்கு 2 முதல் 3 பேர் நோயிலிருந்தும், ஏறத்தாழ ஒருவர் மரணத்திலிருந்தும் கூடுதலாகத் தப்புவர். 1,000 பேரின் வாழ்நாளில் மொத்தம் 22 முதல் 27 ஆண்டுகள் கூடும்.

அப்படியானால் 30 வயதிலேயே தொடங்கலாமே?

இந்தக் கேள்வி இயல்பானது. இதற்கு விடை நிகழ்தகவில் இருக்கிறது. கணக்குக்காக எளிய எண்களை வைத்துக்கொள்வோம். இவை ஆய்வில் வந்த எண்கள் அல்ல. ஒரு பரிசோதனை நோய் உள்ள 100 பேரில் 80 பேரைக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாத 100 பேரில் 5 பேருக்கு நோய் இருக்கலாம் என்று தவறாகக் காட்டும்.

முதல் குழுவில் 10,000 பேர், வயது கூடியவர்கள், அவர்களில் 50 பேருக்கு நோய் உள்ளது. பரிசோதனை 40 பேரைக் கண்டுபிடிக்கும். நோயற்ற 9,950 பேரில் 5 விழுக்காடு, அதாவது சுமார் 498 பேர் தவறாக அச்சுறுத்தப்படுவர். மொத்தம் 538 பேர் கொலோனோஸ்கோபிக்குப் போனால் 40 பேருக்கு நோய். அதாவது 13 அல்லது 14 பேரில் ஒருவர்.

இரண்டாம் குழுவிலும் 10,000 பேர், இளையவர்கள், 5 பேருக்கு மட்டும் நோய். பரிசோதனை 4 பேரைக் கண்டுபிடிக்கும். நோயற்ற 9,995 பேரில் சுமார் 500 பேருக்குத் தவறான அச்சம். மொத்தம் 504 பேரில் 4 பேர், அதாவது 126 பேரில் ஒருவர்.

பரிசோதனை மாறவில்லை, அதன் திறனும் மாறவில்லை. இரு குழுவிலும் வீணாக அலைபவர்கள் ஏறத்தாழ 500 பேர். கிடைக்கும் பலன் மட்டும் 40இலிருந்து 4 ஆகிவிட்டது. கொலோனோஸ்கோபியிலும் அரிதாகக் குடலில் துளை விழுதலும் இரத்தப்போக்கும் நேரலாம். அபாயம் குறைந்த வயதில் எல்லோரையும் சோதித்தால் நன்மையைவிடத் தொல்லை மிகும். மிகத் தாமதித்தால் பத்தாண்டு அவகாசம் கைநழுவும். தொடக்க வயது என்பது இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சமூகம் தனக்காகக் கண்டுபிடிக்கும் புள்ளி. அதனால்தான் அது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

ஜப்பான் 1992 முதலே 40 வயதினருக்கு ஆண்டுதோறும் மலப் பரிசோதனை அளிக்கிறது. தென்கொரியா 50இல் தொடங்குகிறது. இங்கிலாந்து 2006இல் 60 வயதில் தொடங்கி, 2021 முதல் படிப்படியாக 50க்கு இறக்கியது. ஆஸ்திரேலியாவில் 50 ஆக இருந்தது. 2024 ஜூலை முதல் 45 வயதினரும் கேட்டுப் பெறலாம். எல்லா மாற்றங்களும் ஒரே திசையில், இளைய வயதை நோக்கித்தான் போகின்றன.

நிறுத்தும் வயதும் உண்டு. அமெரிக்கப் பரிந்துரையில் 75 வரை எல்லோருக்கும். 76 முதல் 85 வரை உடல்நிலையையும் முந்தைய சோதனைகளையும் பார்த்து முடிவு.

நம் நாட்டில்

இந்தியாவில் அரசின் மக்கள்தொகை அளவிலான பரிசோதனைத் திட்டத்தில் 30 வயதிலிருந்து வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்கள் பார்க்கப்படுகின்றன. குடல் புற்றுநோய் அப்பட்டியலில் இல்லை. இங்கே அந்த நோயின் வீதம் மேலை நாடுகளைவிட மிகக் குறைவு. மேற்கண்ட மூன்றும் நம் மக்களை அதிகம் பாதிப்பவை. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பார்த்தால் அந்த முடிவின் நியாயம் புரியும்.

"இந்தியாவில் குடல் புற்றுநோயாளிகளில் இளையவர்களே அதிகம்" என்ற செய்தியையும் நாம் அடிக்கடி பார்க்கிறோம். நம் மருத்துவமனைகளில் 50 வயதுக்குக் கீழ்ப்பட்ட நோயாளிகளின் பங்கு மேலை நாடுகளைவிட அதிகம்தான். ஆனால் நம் மக்கள்தொகையிலேயே இளையவர் பங்கு அதிகம். பகுதியைப் பார்க்கும் முன் பகுதியின் வகுஎண்ணைப் பார்க்க வேண்டும். இந்தச் செய்தி அஞ்சி ஓடுவதற்கானதல்ல. இளையவரின் அறிகுறியை "இந்த வயசுல என்ன வரப்போகுது" என்று தள்ளிவிடாமல் இருப்பதற்கானது.

அப்படியானால் அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாத, 45ஐத் தாண்டிய ஓர் ஆசிரியர் என்ன செய்யலாம்? அரசு அழைக்கும் திட்டம் இல்லாததால் இது அவரும் மருத்துவரும் பேசி எடுக்கும் முடிவு. நான் என் 46ஆம் வயதில் அரசு மருத்துவமனை மருத்துவரிடம் கேட்டேன். ஆண்டுக்கு ஒரு முறை மலப் பரிசோதனை, இரத்தம் தென்பட்டால் கொலோனோஸ்கோபி என்று முடிவு செய்தோம். சர்க்கரைக்கு இரத்தம் கொடுக்கும் அதே நாளில் இதையும் கொடுத்துவிடுகிறேன். உடல் பருமன், நீண்டநாள் சர்க்கரை நோய், புகை, மதுப் பழக்கம் உள்ளவர்கள் இதை இன்னும் தீவிரமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்தைக் கழியுங்கள்

45, 50 என்னும் எண்கள் எல்லாம் சராசரி அபாயம் உள்ளவர்களுக்கு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு 60 வயதுக்குள் இந்நோய் வந்திருந்தால் கணக்கு வேறு. அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதிலிருந்து 10ஐக் கழிக்க வேண்டும். அந்த விடை, 40 ஆகிய இரண்டில் எது சிறியதோ அந்த வயதில் கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை தொடர வேண்டும்.

மேலே சொன்ன தமிழாசிரியைக்கு 46 வயதில் நோய் தெரிந்தது. 46இல் 10 போக 36. அவருடைய மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு 36 என்ற எண் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவின் மருத்துவ அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறோம். அவருடைய தம்பிக்கு அப்போதே 41. அவர் அந்த வயதைக் கடந்திருந்தார். அக்காவுக்குச் சிகிச்சை நடந்தபோதே மருத்துவர் சொல்லி அவரும் சோதனை செய்துகொண்டார். எந்தத் தொல்லையும் இல்லாதிருந்த அவருடைய குடலில் இரண்டு பாலிப்புகள் இருந்தன. அன்றே அகற்றிவிட்டார்கள்.

சில குடும்பங்களில் மரபணுவழியே அபாயம் மிக அதிகமாக வரும். குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் தோன்றும் ஒரு மரபு நோயில் பரிசோதனை 10 முதல் 12 வயதிலேயே தொடங்குகிறது. அதாவது நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது. லிஞ்ச் நோய்க்குறி என்னும் இன்னொரு மரபு நிலையில் 20 முதல் 25 வயதில் தொடங்க வேண்டும். ஒரே குடும்பத்தில் பலருக்கு இளவயதில் குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். பெருங்குடல் அழற்சி நோய் பல ஆண்டுகளாக உள்ளவர்களுக்கும் தனி அட்டவணை உண்டு.

வயது வரம்பு எல்லோரையும் காப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நம் மாணவர்கள் அறிந்த 'பிளாக் பாந்தர்' படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020இல் 43 வயதில் இந்நோயால் இறந்தார். அவருக்கு நோய் தெரிந்தது 2016இல், 40 வயதுக்கு முன்பே. 45 என்ற புதிய வரம்பும் அவரை எட்டியிருக்காது. வரம்புக்குக் கீழே இருப்பவருக்குக் காவல் இரண்டுதான்: குடும்ப வரலாற்றை அறிந்திருத்தல், அறிகுறியை அலட்சியம் செய்யாதிருத்தல்.

நாம் செய்யக்கூடியவை

இந்த வாரமே வீட்டில் ஒரு தாளை எடுத்து அம்மா, அப்பா, உடன்பிறந்தோர் பெயர்களை எழுதுங்கள். யாருக்கேனும் புற்றுநோய் வந்திருந்தால் எந்த உறுப்பில், எந்த வயதில் என்று குறியுங்கள். "வயித்துல கட்டி" என்று மட்டும் சொல்லி வைத்திருப்பார்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள்.

கீரை, பயறு, முழுத்தானியம், பழம் ஆகியவற்றைக் கூட்டுவதும், தினமும் நடப்பதும், புகையையும் மதுவையும் விடுவதும் அபாயத்தைக் குறைக்கும். ஆனால் இவை பரிசோதனைக்கு ஈடாகா. சைவ உணவு உண்பவருக்கும் இந்நோய் வருகிறது.

விடுப்புக் கேட்கும் சக ஆசிரியரிடம் "என்ன சோதனை?" என்று துருவிக் கேட்காமல் விடுப்பை அனுமதிப்பதும், அவருடைய பாடவேளையை நாம் எடுத்துக்கொள்வதும் உதவிதான். தலைமையாசிரியர்கள் இதில் முன்னிற்கலாம். தேர்வும் விடைத்தாளும் ஒவ்வோர் ஆண்டும் வரும். ஒருவர் இரண்டு நாள் இல்லாவிட்டால் பள்ளி நின்றுவிடாது.

ஓய்வறையில் அடுத்த முறை யாரேனும் "இரத்தம் வருது, மூலம்தான் போல" என்றால், மருந்து சொல்ல வேண்டாம். "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். காட்டவில்லை என்றால், எந்த நாளில் போகிறார் என்பதையும் கேட்டு வையுங்கள்.